கைதூக்கிவிடும் தலைமை

நுழையும்முன்

சட்டம் ஒரு பெண்ணுக்குத் தலைவர் பதவியைத் தரலாம். அப்பதவியில் அமர்ந்து ஊருக்காகப் பேசும் துணிவையும் ஊரின் வரவுசெலவைப் படித்தறியும் திறனையும் யார் தருவது? முன்னே சென்ற பெண்கள் பின்னே வருவோருக்குக் கைகொடுத்து உயர்த்திய வரலாறு தமிழகத்துக்கு உண்டு. அவ்வரலாற்றை நினைவூட்டி, இன்றைய உள்ளாட்சியில் அதன் தேவையை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

இருக்கையும் குரலும்

கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்திலிருந்து நெய்வேலி நோக்கிச் செல்பவர் இருவேறு உலகங்களைக் காண்பர். முதலில் கரும்பு வயல்களும் சர்க்கரை ஆலையும் வரும். பண்ணுருட்டியைக் கடக்கும்போது பலாவும் முந்திரியும் நிழல் விரிக்கும். பின்னர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் திட்டமிட்டு அமைக்கப்பட்ட நகரியமும் தோன்றும். நகரியத்தின் சாலையையும் குடிநீரையும் தெருவிளக்கையும் நிலக்கரி நிறுவனமே பராமரிக்கிறது. சுற்றியுள்ள சிற்றூர்களின் நிலை வேறு. அங்கே குழாயில் நீர் வருவதும், விளக்கு எரிவதும், மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்காதிருப்பதும் ஊராட்சி மன்றம் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தவை. ஆகவே, அம்மன்றத்தில் யார் அமர்கிறார், யார் பேசுகிறார் என்பது ஒவ்வொரு வீட்டின் அன்றாட வாழ்வைத் தொடும் வினா.

இந்திய அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சி இடங்களிலும் தலைமைப் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அது விதித்தது. பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய இடங்களிலும் அவ்வினப் பெண்களுக்குப் பங்கு தந்தது. அதனையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் பிறந்தது. 1996-இல் தேர்தல் நடந்தது. 2016-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் பெண்களுக்கான ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்தியது. ஏறத்தாழ 12,500 சிற்றூராட்சிகளைக் கொண்ட ஒரு மாநிலத்தில் இஃது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை எண்ணிப் பாருங்கள். கோலம் போடும் வாசலுக்கு அப்பால் ஊர்ப்பொதுவில் உரிமையுடன் நிற்க இடமில்லாதிருந்த பல்லாயிரம் பெண்கள், சட்டத்தின் துணையால் ஊரின் முதல் இருக்கைக்கு வந்தனர்.

ஆயினும், இருக்கை கிடைத்த அன்றே குரலும் கிடைத்துவிடவில்லை. இதே கடலூர் மாவட்டத்தில், புவனகிரியை அடுத்த தெற்குத்திட்டை ஊராட்சியிலிருந்து 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஒரு பெண். நாடே அப்படத்தைக் கண்டு தலைகுனிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. சட்டம் தன் கடமையைச் செய்யத் தொடங்கியது. ஆனால், படம் வெளியாகும்வரை அந்தத் தரையில் அவர் எத்தனை நாள் தனித்திருந்தார் என்பதே நம்மை உறுத்த வேண்டிய வினா. அவர் அருகில் அமர்ந்து, “இது முறையன்று; எழுந்து வாருங்கள் அம்மா, நாற்காலி உங்களுடையது” என்று சொல்ல ஒருவரேனும் இருந்திருக்க வேண்டாமா?

பதவிக்கு வரும் பெண்ணைத் தனியே விடாமல், முன்பே அவ்வழியில் நடந்த பெண்கள் அவருடன் நிற்க வேண்டும். அவ்வாறு நிற்பதை ஒரு முறையாகவே நாம் வளர்க்க வேண்டும். இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

மரபில் ஒரு சங்கிலி

நம் அக இலக்கிய மரபை அறிந்த உங்களுக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்னும் துறை புதிதன்று. தலைவி தன் மனத்தில் உள்ளதைத் தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் எடுத்துரைப்பாள். ஒரு பெண்ணின் சொல், பெண்களின் கைவழியே கடந்து, முடிவெடுக்கும் இடத்தைச் சென்றடைகிறது. அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தலைவியின் விருப்பம் வெளிப்படாமலே போகும்.

இம்மரபில் நாம் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, தோழியின் பெருமை. அவள் தலைவிக்குக் கட்டளையிடுபவள் அல்லள். தலைவியின் நிலையை உணர்ந்து, உரிய நேரத்தில் உரிய சொல்லால் துணைநிற்பவள். இரண்டாவது, அச்சங்கிலியின் எல்லை. இறுதி முடிவு ஆண்களின் அவையிலேயே நிகழ்ந்தது. தலைவி அங்கே நேரில் பேசவில்லை. இன்றைய தலைவி பேசியே ஆக வேண்டும். ஊராட்சித் தலைவர் தம் சொல்லை மற்றொருவர் வாயில் ஏற்றி அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. எனவே, இக்காலத் தோழியின் கடமை சற்றே மாறுகிறது. தலைவிக்காகப் பேசுவதைவிடத் தலைவியைப் பேசச் செய்வதே அவள் பணி.

தூது சென்ற ஔவையாரையும் இங்கு நினையலாம். அதியமானுக்காகத் தொண்டைமானின் அவைக்குச் சென்று நயமும் துணிவும் கலந்து பேசிய புலவர் அவர். அறிவில் முதிர்ந்த பெண் ஒருவர் அவையில் பேசுவது தமிழர்க்கு அயலானது அன்று. அவ்வாய்ப்பு ஓரிருவர்க்கு மட்டும் உரியதாக இருந்ததே குறை.

பயிற்சியும் வழித்துணையும்

ஒருவரைத் தலைமைக்கு ஆயத்தப்படுத்தும் செயலில் இரு கூறுகள் உள்ளன. ஒன்று பயிற்சி, மற்றொன்று வழித்துணை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் பல முயற்சிகள் பாதியில் நின்றுவிடுகின்றன.

பயிற்சி என்பது குறிப்பிட்ட ஒரு திறனைக் கற்பித்தல். புதிதாகப் பொறுப்பேற்ற ஊராட்சித் தலைவர் ஒருவரின் முதல் மாதத்தை எண்ணுங்கள். தீர்மான ஏட்டில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று படித்த பின்னரே அவர் கையொப்பமிட வேண்டும். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்து ஒப்பமிடும் முறையை அறிய வேண்டும். ஒரு சிறுபாலத்துக்குப் பொறியாளர் தரும் மதிப்பீட்டில் மணல் எவ்வளவு, சிமெண்டு எவ்வளவு என்று கேட்கத் தெரிய வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கடிதம் எழுத வேண்டும். கிராம சபையை நடத்த வேண்டும். எழுகின்ற வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இவை யாவும் கற்பித்தால் வருபவை. இவற்றுக்கெனப் பயிற்சி வகுப்புகளும் கையேடுகளும் உள்ளன.

வழித்துணையோ கையேட்டில் அடங்காதது. துணைத்தலைவர் ஒப்பமிட மறுத்து மாதக்கணக்கில் பணியை முடக்கினால் யாரிடம் செல்வது? “கணவரை அனுப்பி வையுங்கள், பேசிக்கொள்கிறோம்” என்று ஓர் அலுவலர் சொன்னால் எந்தத் தொனியில் மறுமொழி சொல்வது? கிராம சபையில் ஒருவர் இழிசொல் பேசினால் கூட்டத்தை நிறுத்துவதா, தொடர்வதா? இரவில் வீட்டுக்கு வந்து மிரட்டினால் என்ன செய்வது? இவற்றுக்கு இரண்டு நாள் வகுப்பில் விடை கிடைக்காது. இதே நிலையைக் கடந்துவந்த ஒருவர் அருகிலிருந்து, “எனக்கும் இப்படி நேர்ந்தது, நான் செய்தது இது, நீ உன் நிலைக்கு ஏற்ப முடிவெடு” என்று சொல்லும்போதுதான் மனம் தெளியும். நீந்தக் கற்பிப்பது பயிற்சி. ஆழம் வரும்போது கண்ணுக்கு எட்டும் தொலைவில் உடன் நீந்துவது வழித்துணை.

சௌந்தரமும் கிருஷ்ணம்மாளும்

இவ்வழித்துணை தமிழ் மண்ணில் எத்தகைய விளைவைத் தந்தது என்பதற்கு இரு பெண்களின் வாழ்வு சான்று.

தொழிலதிபர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தவர். இளமையிலேயே கைம்மை எய்தினார். அக்காலச் சமூகம் கைம்பெண்ணுக்கு விதித்திருந்த வாழ்வை ஏற்காமல் தில்லியில் மருத்துவம் பயின்றார். பின்னர் ஜி. இராமச்சந்திரனை மணந்து, 1947-இல் அவருடன் இணைந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். சிற்றூர்ப் பெண்களைச் சேவிகைகளாகப் பயிற்றுவிக்கும் பணியில் ஈடுபட்டார். 1962-இல் நடுவண் அரசில் கல்வித்துறைத் துணையமைச்சராகவும் ஆனார்.

கிருஷ்ணம்மாள் 1926-இல், நிலமற்ற ஆதிதிராவிடர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இளமையில் தந்தையை இழந்தவர். மதுரையில் அவர் உயர்கல்வி பெறத் துணைநின்றவர் சௌந்தரம். செல்வக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணும் கூலிக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணும் சாதியின் நெடுஞ்சுவரைத் தாண்டிக் கைகோத்தனர். அதன் பயன் அவ்விருவரோடு நின்றுவிடவில்லை.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் கிருஷ்ணம்மாள் தம் கணவர் ஜெகந்நாதனுடன் கீழைத்தஞ்சைக்குச் சென்று உழைப்பாளர்களிடையே பணியாற்றினார். 1981-இல் இருவரும் ‘லாப்டி’ என்னும் உழுவோர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நிலவுடைமையாளரிடம் பேசியும், வங்கிக்கடன் பெற்றும், அறவழியில் போராடியும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தந்தனர். அந்நிலங்கள் பெண்களின் பெயரில் பதிவாயின என்பது கருதத்தக்கது. பட்டா தன் பெயரில் இருக்கும் பெண் ஊர்க்கூட்டத்தில் பேசும் குரலே வேறு. 2008-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் வாழ்வுரிமை விருது இருவர்க்கும் கிடைத்தது. 2020-இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

சௌந்தரம் ஒரு மாணவிக்குக் கைகொடுத்தார். அம்மாணவி பல்லாயிரம் பெண்களின் கையில் நிலத்தைக் கொடுத்தார். வழித்துணையின் வலிமை இப்படிப் பெருகுவதில்தான் உள்ளது.

இவர்களுக்கும் முன்னரே மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி இவ்வழியைத் தொடங்கியிருந்தார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான அவர், தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் வாதாடினார். அவ்வாழ்விலிருந்து வெளியேறிவந்த சிறுமியர்க்கு விடுதிகள் இடம்தர மறுத்தபோது தம் இல்லத்திலேயே அடைக்கலம் தந்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. சட்டம் இயற்றினால் போதும், வாழ்வு தானே மாறும் என்று அவர் எண்ணவில்லை. சட்டத்தால் விடுதலை பெறும் பெண்ணுக்கு உறைவிடமும் கல்வியும் உடனிருந்து வளர்க்கும் ஒருவரும் தேவை என்பதை உணர்ந்திருந்தார்.

தென்னார்க்காட்டுத் திண்ணைகள்

பெரியோர் வரலாறு மட்டும் போதாது. நம் ஊர்ப் பெண்களின் வரலாறும் வேண்டும். 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. 1991-92-இல் அது சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும் விரிந்தது. இன்றைய கடலூர் மாவட்டம் அன்றைய தென்னார்க்காட்டின் பகுதி. ஆகவே, நெல்லிக்குப்பத்தைச் சூழ்ந்த இந்த மண், தமிழகத்தில் மகளிர் குழுக்கள் தொடக்கத்திலேயே கால்கொண்ட மண்களுள் ஒன்று. 1997-98-இல் ‘மகளிர் திட்டம்’ என்னும் பெயரில் இம்முயற்சி விரிவடைந்து, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது.

ஒரு குழுவில் 12 முதல் 20 பெண்கள் இருப்பர். ஊக்குநர் ஒருவரும் பிரதிநிதிகள் இருவரும் குழுவை நடத்துவர். சேமிப்பு, கடன், வட்டி, வரவுசெலவு ஏடு, வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்பு ஆகிய அனைத்தையும் அவர்களே பார்ப்பர். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது சிறுசேமிப்பு. உள்ளே இருப்பவர்க்கோ ஆட்சியின் தொடக்கப்பள்ளி. வாரந்தோறும் திண்ணையில் வட்டமாக அமர்ந்து, யாருக்குக் கடன் முதலில் தேவை என்று விவாதித்து, எல்லாரும் ஏற்கும் முடிவுக்கு வரும் பெண், ஊராட்சி மன்றம் செய்யும் பணியின் சிறுவடிவத்தையே செய்கிறாள். ஊக்குநர் பொறுப்பு ஒருவரிடமே தங்காமல் சுழன்று வர வேண்டும் என்பது நல்ல குழுக்கள் போற்றும் நெறி. மூத்த ஊக்குநர் இளையவருக்கு ஏடு எழுதக் கற்பித்துப் பொறுப்பை ஒப்படைக்கும்போது, பயிற்சியும் வழித்துணையும் ஒன்றாக நிகழ்கின்றன. சிறந்த குழுக்களின் உறுப்பினர்களே சமுதாய வளப் பயிற்றுநர்களாகப் பிற ஊர்களுக்குச் சென்று புதிய குழுக்களை உருவாக்கும் முறையும் இன்று நடைமுறையில் உள்ளது.

மதுரை அழகர்கோயிலை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த சின்னப்பிள்ளை எழுதப் படிக்க அறியாதவர். நாற்று நடவும் களையெடுக்கவும் செல்லும் பெண்களுக்குக் கொத்துத்தலைவியாக இருந்தவர். கூலி பேசுவதும் வேலையைப் பங்கிடுவதும் முதியவரையும் நோயுற்றவரையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்வதும் அவர் வயலில் கற்றவை. ‘களஞ்சியம்’ இயக்கம் அவ்வூருக்கு வந்தபோது அத்திறனே அவரைப் பெருந்தலைவியாக்கியது. நடுவண் அரசின் ஸ்திரீ சக்தி விருதை வழங்கிய அன்றைய தலைமையமைச்சர் வாஜ்பாய், சின்னப்பிள்ளையின் பாதம் தொட்டு வணங்கியதை நாடு கண்டது. 2019-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. எழுத்தறிவு தலைமைக்கு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. பெண்களிடம் முன்பே உள்ள தலைமைப் பண்பை இனங்கண்டு அதன்மேல் கட்டுவதே நல்ல பயிற்சி என்பதே இதன் பொருள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கமும் இதனையே காட்டியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளிக்க, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றனர். கற்றவர் மற்றவருக்குக் கற்பித்தனர். ஊரார் கேலியை ஒருத்தி தனியே தாங்குவது கடினம். நூறு பேர் சேர்ந்து மிதித்தபோது கேலி ஓய்ந்தது. கல்குவாரியில் கூலிகளாக இருந்த பெண்கள் குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அக்காலத்தில்தான். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் அனுபவம் மிக்க பெண்கள் இன்று பிற மாநிலங்களுக்குச் சென்று அங்குள்ள பெண்களுக்கு வழிகாட்டுகின்றனர். மொழி வேறானாலும் படும் பாடு ஒன்றாதலால் அவ்வழிகாட்டல் பலிக்கிறது.

விடுபட்டவர் யார்?

பெண் ஒருவர் தலைவரானால் அவர் தலைமை தானே அனைவரையும் அரவணைக்கும் என்று கொள்வது பிழை. ஒரே தெருவைச் சேர்ந்த பெண்கள் மட்டும் கூடிய குழு, அடுத்த தெருவின் துயரை அறியாமலே இருக்கலாம். மேல்தெருப் பெண்ணுக்குக் கிடைத்த வழித்துணை காலனித் தெருப் பெண்ணுக்குக் கிட்டாமல் போனால், பழைய ஏற்றத்தாழ்வு புதிய ஆடையணிந்து வந்தது என்றே பொருள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கடற்கரையைத் தாக்கியது. மீனவ ஊர்களில் முடிவெடுக்கும் ஊர்ப் பஞ்சாயத்துகள் ஆண்களால் ஆனவை. கடலுக்குச் செல்லும் ஆணை அடிப்படையாகக் கொண்டு வரி வாங்குவதும் பங்கு பிரிப்பதும் அவற்றின் வழக்கம். அவ்வழக்கத்தில் கணவனை இழந்த பெண்ணும், தலையில் மீன்கூடை சுமந்து விற்கும் பெண்ணும், கரையோரம் வாழ்ந்தும் மீனவர் அல்லாத தொழிலாளியும் கணக்கில் எளிதாக விடுபடுவர். பட்டியலை எழுதும் இடத்தில் இல்லாதவர் பட்டியலிலும் இல்லாமற் போகும் இடர் எப்போதும் உண்டு.

எனவே, வழிகாட்டும் மூத்த தலைவர் இளையவருக்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம், கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து மூன்று வினாக்களைக் கேட்பது. இங்கே வராதவர் யார்? வந்தும் பேசாதவர் யார்? பேசியும் அவர் சொல் குறிப்பேட்டில் ஏறாதது யாருடையது? மாற்றுத்திறனாளி வருவதற்குச் சாய்தளம் இல்லாத கட்டடத்தில் கூட்டம் நடக்கிறதா? கரும்பு வெட்டச் சென்றவர் திரும்பாத நேரத்தில் கூட்டம் கூட்டப்படுகிறதா? தனித்து வாழும் பெண்ணும் திருநங்கையும் தயங்காமல் அமரும் சூழல் உள்ளதா? இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய தலைவரே அனைவருக்குமான தலைவர்.

ஒரு மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. “முதன்முறை தலைவராகும் ஆணுக்கு எவரும் பயிற்சி கேட்பதில்லை. பெண்ணுக்கு மட்டும் பயிற்சி, வழிகாட்டல் என்று பேசுவது அவளைக் குறையுடையவளாகக் காட்டாதா? தெற்குத்திட்டைத் தலைவர் தரையில் அமர நேர்ந்தது பயிற்சிக் குறைவாலா, சாதிக்கொடுமையாலா?” என்று கேட்பவர் உண்டு. நேர்மையான வினா இது. கொடுமை செய்தவரைத் திருத்தாமல் கொடுமைக்கு ஆளானவருக்கு வகுப்பெடுப்பது நீதியாகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், கடமை தவறும் அலுவலர்மீது நடவடிக்கையும் முதலில் வேண்டும். அவற்றின் இடத்தைப் பயிற்சி ஒருபோதும் நிரப்பாது.

ஆயினும், ஆணுக்கு வழித்துணை இல்லை என்பது உண்மையன்று. அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. தேநீர்க்கடை விசுப்பலகையிலும் கோவில் திடலிலும் கட்சி அலுவலகத்திலும் அலுவலர் அறையிலும் அவன் இளமை முதல் ஊர் நடப்பைக் கேட்டு வளர்கிறான். தந்தையும் மாமனும் அண்ணனும் அவனுக்குக் கதவு திறந்துவிடுகின்றனர். அவனுக்கு இயல்பாய்க் கிடைப்பதைப் பெண்ணுக்கு நாம் முயன்று அமைத்துத்தர வேண்டியுள்ளது. குறை பெண்ணிடம் இல்லை. அவளுக்கு மூடியிருந்த இடங்களில்தான் உள்ளது. மேலும், சட்டம் உதவிக்கு வரவேண்டுமாயின் யாரோ ஒருவர் புகார் எழுத வேண்டும். எழுதுபவருக்குத் துணை நிற்க வேண்டும். தனித்திருப்பவரை மிரட்டுவது எளிது. பெண் ஊராட்சித் தலைவர்கள் தமக்குள் கூட்டமைப்பு அமைத்துக்கொண்டு செயல்பட்டதன் காரணமும் இதுவே.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. வழிகாட்ட வந்தவரே மறைமுகத் தலைவராக மாறிவிடக் கூடாது. கணவர் பெயரால் நடக்கும் நிழலாட்சியை எதிர்க்கும் நாம், மூத்த பெண்ணின் நிழலாட்சியையும் ஏற்க முடியாது. முதற்கூட்டத்தில் அருகில் அமர்ந்தவர், நான்காம் கூட்டத்தில் பின்வரிசைக்குச் செல்ல வேண்டும்; பத்தாம் கூட்டத்துக்கு வராமலே இருக்க வேண்டும். விடை சொல்வதைவிட வினாக் கேட்பதே அவர் வழக்கமாக வேண்டும். இளையவர் எடுக்கும் முடிவு தம் கருத்துக்கு மாறாயினும், அது அறத்துக்கும் சட்டத்துக்கும் உட்பட்டதாயின், அதை மதிக்கும் பெருமனம் அவருக்கு வேண்டும்.

செய்யத்தக்கன

இட ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறுகிறது. ஓர் ஊராட்சி பெண்களுக்குரியதாக இருந்து பொதுவாக மாறும்போது, அங்கே பயின்று தேர்ந்த பெண் பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். அடுத்த ஊராட்சியில் புதிய பெண் ஒருவர் அதே பாடத்தை முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறார். முன்னவரின் அனுபவம் வீணாகிறது. பின்னவரின் காலம் வீணாகிறது. இவ்விருவரையும் இணைப்பது அரிய செயலன்று. ஒன்றியந்தோறும் முன்னாள் பெண் தலைவர்களின் பட்டியலைத் தொகுத்து, புதிதாகப் பொறுப்பேற்கும் பெண் ஒவ்வொருவருக்கும் முதல் ஈராண்டுக்கு ஒரு வழித்துணைவரை அமர்த்தலாம். அவ்வுழைப்புக்கு மதிப்பூதியமும் பயணப்படியும் தர வேண்டும். பெண்களின் உழைப்பைத் தொண்டு என்று சொல்லி ஊதியமின்றிப் பெறும் பழக்கம் இங்கும் தொடர வேண்டியதில்லை. வழித்துணைவரை இணைக்கும்போது சாதியும் தெருவும் கடந்து இணைக்க வேண்டும். சௌந்தரமும் கிருஷ்ணம்மாளும் காட்டிய வழி அது.

குழுக்களில் தேர்ந்த ஊக்குநர்களைக் கிராம சபையில் வரவுசெலவைப் படித்து விளக்கச் செய்யலாம். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு உலக நீர் நாளிலும் உள்ளாட்சி நாளிலும் இப்போது கிராம சபை கூடுகிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அச்சபை, ஊரின் அடுத்த தலைவர்கள் வளரும் நாற்றங்கால்.

உங்கள் பங்கு

மாணவர்களே! இன்னும் ஓரிரு ஆண்டுகளில் நீங்கள் வாக்காளர்கள். கிராம சபையின் உறுப்பினர்கள். உங்களில் சிலர் 21 வயது நிறைந்ததும் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடவும் தகுதி பெறுவீர்கள். தலைமை அன்று திடீரென முளைப்பதில்லை. வகுப்பில் கணக்குப் புரியாத தோழிக்கு அவள் நாணாதவாறு நீங்கள் விளக்கும்போது பயிற்றுநர் ஆகிறீர்கள். மேடையேறத் தயங்கும் தோழனுடன் படிக்கட்டுவரை சென்று, அவனை மட்டும் மேடையேற்றிவிட்டுக் கீழே நிற்கும்போது வழித்துணைவர் ஆகிறீர்கள். மாணவர் மன்றக் கூட்டத்தில், “இன்னும் பேசாதவர் யார்?” என்று கேட்கும்போது அனைவருக்குமான தலைவர் ஆகிறீர்கள். மாணவியர்க்கு மட்டும் உரியதன்று இக்கடமை. தங்கையோ தாயோ பேசும்போது இடைமறிக்காமல் கேட்டுப் பழகும் மாணவனும் இப்பணியில் பங்கு பெறுகிறான்.

எத்தனை பெண்கள் தலைவர்களாயினர் என்று எண்ணுவது எளிது. ஒவ்வொரு தலைவரும் தமக்குப்பின் எத்தனை பேரை வளர்த்தார், அவர்களுள் எத்தனை பேர் ஊரின் கடைசித் தெருவிலிருந்து வந்தனர் என்று எண்ணுவதே நம் உள்ளாட்சியின் உண்மையான மதிப்பெண். அதனை எழுதும் பொறுப்பு உங்கள் தலைமுறையிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊராட்சி அல்லது நகர்மன்றத்தின் பெண் உறுப்பினர் ஒருவரைச் சந்தித்து, பொறுப்பேற்ற முதல் ஆண்டில் அவருக்குத் துணைநின்றவர் யார், எவ்வாறு என்பதை நேர்காணலாக எழுதுக.

2. ‘பெண் தலைவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவை – தேவையில்லை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. ‘அறத்தொடு நிற்றல்’ துறையில் தோழியின் பங்கையும் இக்கட்டுரை கூறும் வழித்துணைவரின் பங்கையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.